மனப்பாடப் பேச்சுப் போட்டியை நிறுத்திவிட்டு விவாதம் தொடங்கலாமா?

கரும்பலகை

அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருக்கிறேன். பதினோரு வருடமாகப் பேச்சுப் போட்டிக்குப் பையன்களைத் தயார் செய்கிறேன். இந்த வருடத்தோடு அதை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா தவறா, சொல்லுங்கள்.

தயார் செய்வது என்றால், மூன்று பக்கம் நானே எழுதுகிறேன். 'அவையோர்க்கு என் முதற்கண் வணக்கம்' என்பதிலிருந்து 'நன்றி கூறி விடைபெறுகிறேன்' வரை எல்லாம் என் வரிகள். எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும், எங்கே கையை நீட்ட வேண்டும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறித்தும் கொடுப்பேன்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் காமராசரைப் பற்றிப் பேசினான். ஒரு வரி பிசகவில்லை. இறங்கப் போனவனை நடுவர் நிறுத்தி, "தம்பி, மதிய உணவு போட்டதால பிள்ளைங்க பள்ளிக்கூடம் வந்தாங்கன்னு சொன்னியே, சோத்துக்கும் படிப்புக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று அன்பாகத்தான் கேட்டார். பையன் என் முகத்தைப் பார்த்தான். அவன் அம்மா எங்கள் ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். அந்தக் கேள்விக்கு அந்த அரங்கத்திலேயே நல்ல பதில் அவனிடம்தான் இருந்தது. ஆனால் நான் எழுதிக் கொடுத்த தாளில் அது இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை விவாதம். தலைப்பு புதன்கிழமை. எந்தப் பக்கம் பேசுவது என்பது நாணயம் சுண்டி. கையில் தாள் கூடாது. அப்புறம், சிறப்பு விருந்தினர் வந்தால் இருபது நிமிடம் அவர் பேச்சு, இருபது நிமிடம் பையன்கள் கேள்வி.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் முடிவு தவறு.

முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன். வீட்டில் எழுத்துத் தமிழில் ஒரு முழு வாக்கியம் கேட்டிராத பிள்ளைக்கு வாக்கியம் எங்கிருந்து வரும்? யாராவது கொடுக்க வேண்டும், அவன் வாயில் அது நூறு தடவை புரள வேண்டும். பாட்டு கற்க வருகிறவனை முதல் நாளே ஆலாபனை பண்ணச் சொல்வோமா? சரளி வரிசையில்தானே தொடங்குகிறோம்? நீங்கள் எழுதிக் கொடுக்கும் மூன்று பக்கம்தான் அவனுக்குச் சரளி வரிசை.

இன்னொன்று. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் தலைவர்கள் பிறந்தநாளை ஒட்டி நடத்தும் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. அது போக அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாக ஆளுக்கு 2,000. கட்டட வேலைக்குப் போகும் குடும்பத்துப் பையன் அந்தக் காசில் தங்கைக்குச் சீருடை தைத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் விலகினால் அந்த மேடைக்கு உங்கள் பள்ளியிலிருந்து யார் போவது?

மேடைநாடி

ஆங்கில விவாதப் போட்டிகளுக்குப் பல வருடமாக நடுவராகப் போகிறேன். கரும்பலகை சாருக்கு என் முழு ஆதரவு. ஆனால் ஒரு திருத்தம்: புதன் முதல் வெள்ளி வரை இடைவெளி கொடுத்தால் வியாழக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் வந்து, "ஐயா, பாயிண்ட் எழுதிக் குடுங்க" என்று நிற்பார்கள்.

1988 முதல் நடக்கும் உலகப் பள்ளி விவாதப் போட்டியில் பல சுற்றுகளின் தலைப்பை ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் சொல்வார்கள். அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு எட்டு நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, நடுவில் எதிரணி எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். பேசுகிறவன் அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஒன்றுகூட ஏற்காதவனை நடுவர்கள் நல்ல பேச்சாளனாக எண்ணுவதில்லை. இந்த ஒரு விதியைத் தமிழுக்குக் கொண்டுவந்தாலே போதும், மனப்பாடம் தானாகக் கழன்றுவிடும்.

கடைசி பெஞ்ச்

மேடைநாடி சொன்னதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. எனக்குத் திக்குவாய். ஆண்கள் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தேன். வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குள் பின்னால் நான்கு பேர் எனக்கு முன்னே சொல்லிச் சிரிப்பார்கள்.

பத்தாம் வகுப்பில் என் தமிழ் ஐயா ஒரு கவிதையைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார். தாளத்தோடு சொல்லும்போது திக்கவில்லை. திக்குகிற நிறையப் பேருக்கு அப்படித்தான், பாடினாலோ மனப்பாடமாக ஒப்பித்தாலோ தடை குறையும். ஆண்டு விழாவில் சொன்னேன். சிரித்த அதே பையன்கள் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் அந்த மூன்று நிமிடத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

என்னை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டிருந்தால்? அதோடு மேடையே வேண்டாம் என்று போயிருப்பேன். விவாதம் தொடங்குங்கள் சார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக மனப்பாட மேடையை மூடாதீர்கள். சில பேருக்கு ஏறுவதற்கு அந்த ஒரு படிதான் இருக்கிறது.

கரும்பலகை

கடைசி பெஞ்ச், இதை நான் யோசிக்கவே இல்லை. பதினோரு வருடத்தில் எத்தனை திக்குவாய்ப் பையன்களைப் 'போட்டிக்குச் சரிவராது' என்று ஒதுக்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். மனப்பாடத்தை முழுதாக நிறுத்தும் எண்ணத்தைக் கைவிடுகிறேன்.

திருச்சி அம்மா

பேச்சுப் போட்டியை விடுங்கள், விருந்தினர் பேச்சுக்கு வாருங்கள். என் மகன் படிக்கும் பள்ளியில் போன வருடம் பத்து மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். மேடைக்குப் பந்தல், பிள்ளைகளுக்கு வெறும் மைதானம். சால்வை போர்த்தவே அரை மணி நேரம். பிறகு ஒரு மணி வரை தன் வரலாறு. ஒரு எட்டாம் வகுப்புக் குழந்தை மயங்கி விழுந்தான். வீட்டுக்கு வந்த மகனிடம் "என்னப்பா சொன்னார்?" என்று கேட்டேன். "கஷ்டப்பட்டா ஜெயிக்கலாம்னு சொன்னார்மா" என்றான். அதற்கு மூன்று மணி நேர வெயில்.

2024-இல் சென்னை அரசுப் பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சு என்று வந்தவர் முற்பிறவி, பாவம் என்று பேசிய விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று எழுந்து தட்டிக் கேட்டவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர். அதற்குப் பிறகுதான் பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுப்பதாக அரசு அறிவித்தது. நெறிமுறை வரட்டும். ஆனால் 'ஏன் அப்படிச் சொல்றீங்க?' என்று கேட்கும் பழக்கம் பிள்ளைகளிடம் இருந்தால் அதைவிடப் பெரிய காவல் வேறு இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மா, வெயிலில் உட்கார வைத்தது பெருந்தவறு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் விருந்தினரைக் கேள்வி கேட்பது என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. என் பள்ளியில் மின்விசிறி, குடிநீர்த் தொட்டி, ஆய்வகத்து மேசை எல்லாம் மேடையேறிய பழைய மாணவர்கள் கொடுத்தவை. வந்தவரைப் பையன்கள் மடக்கினால் அடுத்த வருடம் வருவாரா?

அதைவிட என்னை அச்சப்படுத்துவது விவாதம்தான். தென் மாவட்டத்தில் ஒன்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தேன். கையில் கட்டிய கயிற்றின் நிறத்தை வைத்தே எவன் எந்தத் தெரு என்று பையன்கள் சொல்லிவிடுவார்கள். நாங்குநேரியில் 2023-இல் சாதிப் பகையில் மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் அந்தக் கயிறு கூடாது என்று சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட வகுப்பில் 'இரண்டு அணியாகப் பிரியுங்கள்' என்று சொன்னால் எந்தக் கோட்டில் பிரிவார்கள்? பேச்சில் தோற்றவன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்ன செய்வான்? மனப்பாடப் போட்டியில் ஒருவன் இன்னொருவனை எதிர்ப்பதில்லை தம்பி. அது பாதுகாப்பு.

கரும்பலகை

ஐயா, நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் உண்டு. எங்கள் வட்டாரமும் அதற்கு விலக்கு இல்லை. அதனால்தான் நாணயம், அதனால்தான் சீட்டுக் குலுக்கல்.

அவர்களைப் பிரியச் சொன்னால் தெருவாரியாகத்தான் பிரிவார்கள். நான் பிரியச் சொல்லப் போவதில்லை. மூன்று பேர் பெயரைச் சீட்டில் எடுப்பேன். மேலத்தெருப் பையனும் காலனிப் பையனும் ஒரே அணியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, 'நீ முதல்ல பேசு, நான் அவன் கேள்விக்குப் பதில் சொல்றேன்' என்று திட்டம் போட வேண்டும். இப்போது அவர்கள் சேர்ந்து செய்யும் வேலை வகுப்பில் வேறு என்ன இருக்கிறது? உணவு இடைவேளையில்கூடத் தனித்தனி மரத்தடி.

மேடைநாடி, தலைப்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அன்றைக்கே மதியம் கொடுக்கிறேன். குறுக்குக் கேள்வி மட்டும் பேசுகிறவன் கையை உயர்த்தி அனுமதித்தால்தான். விருந்தினருக்கான கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கி, மாணவன் ஒருவனே வாசிக்கட்டும். மரியாதையும் குறையாது, கேள்வியும் போய்ச் சேரும்.

மேடைநாடி

வாத்தியார் ஐயாவுக்கு ஒன்று. பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையின் விழாவறை காதையில் வருகிறது. சமயவாதிகளே, முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுங்கள் என்று முரசறைகிறவன், பகைவரோடும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகுங்கள் என்றும் சேர்த்தே அறிவிக்கிறான். எதிர்த்துப் பேசுவதும் கைகலக்காமல் இருப்பதும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டியவை என்று அன்றே தெரிந்திருக்கிறது. எதிர்ப்பே இல்லாத மேடையில் அந்த இரண்டாவதைப் பையன் எப்படிப் பழகுவான்?

ஓய்வுபெற்ற வாத்தியார்

மேற்கோள் நன்று. ஆனால் முரசறைந்தவனுக்குப் பின்னால் அரசன் இருந்தான். இங்கே அறுபது பையன்களுக்கு ஒரு ஆசிரியர். முதல் மூன்று மாதம் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உடற்கல்வி ஆசிரியர் என்றால் இன்னும் நல்லது.

கரும்பலகை

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். நேற்றுதான் முதல் வெள்ளிக்கிழமை விவாதம். உடற்கல்வி ஆசிரியர் வந்து உட்கார்ந்தார் ஐயா.

தலைப்பு: 'முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை உயர்நிலை வகுப்புகளுக்கும் நீட்டிக்க வேண்டும்'. 2022 செப்டம்பரில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை தொடங்கிய திட்டம் என்பதால் பையன்களுக்குத் தம்பி தங்கைகள் வழியாகத் தெரியும். சீட்டில் அந்தக் காமராசர் பையன் பெயர் வந்தது. நாணயம் விழுந்தது எதிர்ப்பக்கம். எனக்கே சங்கடமாகிவிட்டது, மாற்றிவிடலாமா என்று யோசித்தேன்.

அவன் தனியாக என் மேசைக்கு வந்தான். "ஐயா, மதியச் சோத்துக்கே எங்கம்மா காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறாங்க. பெரிய பசங்களுக்குக் காலையிலயும் ஆக்கணும்னா யாரு, எத்தனை மணிக்கு எந்திரிக்கிறது? சம்பளம் எவ்வளவு? இதை நான் சொல்லலாமா?"

சொல்லு என்றேன். நான்கு நிமிடம் பேசினான். இரண்டு இடத்தில் வார்த்தை கிடைக்காமல் நின்றான். குரல் உடைகிற வயது, ஒரு தடவை கீச்சென்று போனது, யாரும் சிரிக்கவில்லை. எதிரணிப் பையன் எழுந்து, "அப்ப பசியோட வர்றவன் என்ன பண்றது?" என்று கேட்டான். இவன் கை உயர்த்தி அனுமதித்துவிட்டு, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "ஆள் கூடுதலாப் போடணும். எங்கம்மா தலையில கட்டக் கூடாது" என்றான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அந்தப் பையனை நிறையப் பேச விடுங்கள் தம்பி. மாவட்டப் போட்டிக்கும் அவன் பெயரைக் கொடுங்கள். அந்த மூன்று பக்கத்தை இந்தத் தடவை அவனே எழுதட்டும், நீங்கள் சந்திப்பிழை மட்டும் பாருங்கள்.