கனடாக் காட்டுத்தீயும் அந்த 12 சதவீதமும்

நொய்யல்கரையான்:
கோடை மழை பற்றிய இழையில் நண்பர் வாய்க்கால்மேட்டான், "புவி ஒரு டிகிரி சூடானால் மின்னல் 12 சதவீதம் கூடும், 2023இல் கனடாக் காடு எரிந்ததற்கு அதுதான் காரணம்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பலர் கைதட்டியும் இருக்கிறார்கள். அந்த 12 சதவீதம் 2014இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில் உள்ளது. மேலெழும் காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றலையும் பெய்யும் மழையளவையும் பெருக்கி, அமெரிக்காவின் தொடர்நிலப் பரப்புக்கு மட்டும் போட்ட கணக்கு அது. அலாஸ்காவே அதில் சேரவில்லை. கனடா எங்கிருந்து வந்தது? ஈரோட்டு மஞ்சள் விலையைச் சொல்லி ஊட்டி உருளைக்கிழங்கை விற்பது போல இருக்கிறது. 2018இல் வேறொரு குழு, மேகத்துக்குள் பனித்துகள்கள் மேலேறும் அளவைக் கொண்டு, வெப்பம் கடுமையாக உயரும் நிலைக்குக் கணக்கிட்டபோது, நூற்றாண்டின் முடிவில் உலக அளவில் மின்னல் சுமார் 15 சதவீதம் குறையும் என்று விடை வந்தது. இதை ஏன் அவர் எழுதவில்லை?

வாய்க்கால்மேட்டான்:
என் பெயரைச் சொல்லித் தனி இழையே தொடங்கியதற்கு நன்றி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாளையாறு சோதனைச் சாவடியில் ரசீது வாங்கிக்கொண்டா கோவைக்குள் வருகிறது? அமெரிக்க எல்லையோடு இயற்பியல் நின்றுவிடும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் எடுத்துக்காட்டிய 15 சதவீதக் குறைவில் பெரும்பங்கு வெப்பமண்டலத்தில் நிகழ்வது; அதைக் கொண்டுபோய் வடகாட்டில், அதாவது கனடா, அலாஸ்கா போன்ற வடகோடிக் குளிர்நாட்டு ஊசியிலைக் காட்டில், ஒட்டுவது மட்டும் நியாயமா? ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது. 2023இல் கனடாவில் எரிந்தது சுமார் 1 கோடியே 50 இலட்சம் ஹெக்டேர், அதாவது தமிழ்நாடு முழுவதையும்விடப் பெரிய பரப்பு. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் மின்னல் மூட்டிய தீ. 12 என்றால் 12தான்.

ஆசனூர் அம்மிணி:
இரண்டு அண்ணன்மாரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், தரையைப் பார்க்கவில்லை. வடகாட்டில் பாசியும் ஊசியிலைச் சருகும் குளிரில் மட்காமல், ஆண்டுக்கணக்கில் மெத்தை போலச் சேர்ந்து கிடக்கின்றன. அந்த மெத்தை காய்ந்திருந்தால் ஒரு மின்னல் போதும். நனைந்திருந்தால் நூறு விழுந்தாலும் அணைந்துவிடும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது மேலாக உள்ள மெல்லிய சருகு முன்போலவே ஈரமாக இருக்க வேண்டுமானால், மழை ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாகப் பெய்தாக வேண்டும் என்று கனடா ஆய்வாளர்கள் 2016இல் காட்டியிருக்கிறார்கள். மின்னல் ஒன்றுகூடக் கூடாவிட்டாலும் தீ கூடும் என்பதுதான் இதன் பொருள்.

எங்கள் தோட்டத்துப் பனையில் ஒரு சித்திரையில் இடி விழுந்தது. மழை பெய்து ஓய்ந்த பிறகு அப்பாரு மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வந்துவிட்டார். மூன்றாம் நாள் வெயில் ஏறியதும் மட்டை இடுக்கிலிருந்து நூல் போலப் புகை கிளம்பியது. மாலைக் காற்றில் கொண்டை முழுவதும் பிடித்துக்கொண்டது. வடகாட்டிலும் தீ இப்படித்தான் சருகு மெத்தைக்குள் நாள்கணக்கில் ஒளிந்திருந்து, காற்று வரும்போது எழுகிறது.

நொய்யல்கரையான்:
அம்மிணி, இடி என்பது ஓசை. ஓசை பனைமரத்தில் விழாது, விழுந்தது மின்னல். அறிவியல் பேசும் இடத்தில் சொல்லாவது சரியாக இருக்கட்டும். மேலும் நீங்கள் சொல்லும் 15 சதவீதம், நான் சொன்ன 15 சதவீதம் அன்று. இரண்டையும் குழப்பி, நான் சொன்னதே தவறு என்பது போன்ற தோற்றத்தை உண்டாக்க வேண்டாம். சருகு காய்வதை நான் மறுத்தேனா? என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்காவுக்குச் சொன்ன 12ஐக் கனடாவுக்குச் சொன்னது சரியா, தவறா? வாய்க்கால்மேட்டான் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

ஆசனூர் அம்மிணி:
இடி விழுந்தது என்று நம் ஊரில் பச்சைக் குழந்தையும் சொல்லும் அண்ணா. குழப்பியது நான் அல்ல. என் 15 மழைக்கு, உங்கள் 15 மின்னலுக்கு என்பது எழுத்துக்கூட்டிப் படித்தாலே விளங்கும்.

கால்கரியில் பெருந்துறையான்:
2023இல் இங்கே பல நாள் சன்னலைத் திறக்க முடியவில்லை. நண்பகல் சூரியன் குங்குமப் பொட்டுப் போலச் சிவந்து தெரிந்தது. இங்குள்ளவர்கள் மின்னலின் எண்ணிக்கையைவிட அது மழையோடு வந்ததா, மழையில்லாமல் வந்ததா என்பதையே முதலில் கேட்கிறார்கள். மழை ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அதை வறண்ட மின்னல் என்பார்கள். அதிலும் எல்லா மின்னலும் தீ மூட்டுவதில்லை. மின்னோட்டம் சற்று நீடித்து ஓடும் மின்னலே சருகைப் பற்றவைக்கும். இன்னொன்று, தீயே மின்னலை உண்டாக்கும். 2021 ஜூன் இறுதியில் மேற்குக் கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி வெப்பம் பதிவான அந்த நாள்களில், தீயின் புகைத்தூண்களே இடிமேகங்களாகி, மேற்குக் கனடாவில் ஒரே இரவுக்குள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னல்கள் பதிவாயின.

நொய்யல்கரையான்:
மிக்க நன்றி தம்பி. ஆனால் ஏழு இலட்சம் என்பதில் பெரும்பகுதி மேகத்துக்குள்ளேயே ஓடியது, தரைக்கு வந்தது அதில் ஒரு சிறு பங்கு என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். எண்ணை அரைகுறையாக எழுதுவதுதான் இந்தக் குழுவின் நோயாகிவிட்டது. 2.5 மில்லிமீட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது: சென்ற ஐப்பசியில் ஒரே இரவில் 84 மில்லிமீட்டர் பெய்ததாக வாய்க்கால்மேட்டான் இங்கே எழுதினார். ஒரு கல் தொலைவிலுள்ள என் மழைமானி 51 காட்டியது. மாட்டுக் கொட்டகை ஓட்டுத்தண்ணீர் வழியும் இடத்தில் மானியை வைத்திருப்பவர், 12 சதவீதம் பற்றி நமக்குப் பாடம் நடத்துகிறார்.

வாய்க்கால்மேட்டான்:
என் மானி திறந்த களத்தில்தான் இருக்கிறது; கொட்டகை அதற்கு முப்பது அடி தள்ளி இருக்கிறது. ஐப்பசி மழை அடுத்த தோட்டத்துக்கும் இந்தத் தோட்டத்துக்கும் வேறுபடும் என்பது உழுதவனுக்குத் தெரியும், திருப்பூரில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு எழுதுபவருக்குத் தெரியாது. வடகாட்டுக்கென்றே தனி ஆய்வு வேண்டுமானால், 2017இல் வந்தது இருக்கிறது: 2014இல் கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதியும் 2015இல் அலாஸ்காவும் அப்படி எரிந்ததற்கு மின்னல் மூட்டிய தீக்கள் பெருகியதே முதன்மைக் காரணம் என்றும், 1975 முதல் அத்தகைய தீக்கள் கூடிவருகின்றன என்றும் அது சொல்கிறது. ஆர்க்டிக் பகுதியில் மின்னல் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறக்குறைய இரு மடங்காகலாம் என்று 2021இல் இன்னொன்று வந்தது. அதன்படி பார்த்தால் என் 12 குறைவான மதிப்பீடுதான்.

நொய்யல்கரையான்:
பாருங்கள், 12 இப்போது "குறைவான மதிப்பீடு" ஆகிவிட்டது! தவறு என்று சொல்ல நா எழவில்லை. தீக்களின் எண்ணிக்கை வேறு, மின்னலின் எண்ணிக்கை வேறு. அம்மிணி சொன்னபடி சருகு காய்வதாலும் தீயின் எண்ணிக்கை கூடும். அந்த 2017 ஆய்வை எனக்கு எதிராக எடுத்துவந்தவர் அதைப் படித்தாரா என்றே ஐயமாக இருக்கிறது.

சிறுவாணித் தண்ணீர்:
இவ்வளவு பேசுகிறீர்களே, நம் மலையில் மாசி பங்குனியில் மூங்கில் உரசித்தானே தீப்பிடிக்கிறது? அதற்கு ஒரு கணக்கும் இல்லையா?

ஆசனூர் அம்மிணி:
மூங்கில் உரசிப் பிடித்ததை எங்கள் மலையில் யாரும் கண்டதில்லை. நம் காட்டில் மின்னல் பெரும்பாலும் கோடை மழையோடு வருகிறது; தீயோ அதற்கு முன்பே, உண்ணிச்செடி காய்ந்து நிற்கும் மாதங்களில், மனிதர் கையால் வருகிறது. கனடாவிலோ நெடும்பகல் உள்ள கோடையில், ஆளே இல்லாத இடத்தில் மின்னல் விழுகிறது. வண்டி போய்ச் சேர்வதற்குப் பாதையும் இல்லை. இதனால்தான் எண்ணிக்கையில் பாதியாக இருக்கும் மின்னல் தீ, பரப்பில் பெரும்பங்கை எரித்துவிடுகிறது. இதைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று முதல் நாளிலிருந்து காத்திருக்கிறேன்.

நொய்யல்கரையான்:
பேசலாம் அம்மிணி, தாராளமாகப் பேசலாம். முதலில் அந்த 12 முடியட்டும். 2014 கட்டுரையில் கனடா என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வாய்க்கால்மேட்டான் சொல்லட்டும். நான் இந்த இழையை விட்டே போய்விடுகிறேன்.

வாய்க்கால்மேட்டான்:
சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் மழைமானி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் இல்லை என்பதற்கு ஒரு படத்தைப் போடுங்கள்.

நொய்யல்கரையான்:
படம் நாளைக் காலை வரும். பக்க எண்ணும் வர வேண்டும்.