கிளாடியோலஸ் பூச்செடிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகுது: பாத்தியை எப்படிச் சரி செய்வது? (கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கம்)

சரல்மண் தோட்டம்:
சரல் கலந்த செம்மண், 3 சென்ட், அதே பாத்தியில் இரண்டாவது போகம். நாலைந்து இலை வந்ததும் வெளி இலைகள் மஞ்சளாகி, செடி ஒரு பக்கமா வளைஞ்சு, பூத்தண்டு வராமலே காயுது. வேற சில செடிகளில் இலை பச்சையாத்தான் இருக்கு, நுனி மட்டும் கருகியிருக்கு. பிடுங்கிப் பார்த்தா கிழங்கின் அடி பழுப்பு. மண் பரிசோதனையில் பி.எச். (புளிப்பு அளவு) 5.1. அடியுரம் பச்சைச் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும், மேலுரம் யூரியா. பூஞ்சைக்கொல்லி கார்பென்டசிம் கரைச்சு ஊற்றியும் நிக்கலை. மண்ணில் என்ன போட்டா சரியாகும்? அடுத்த நடவுக்கு முன்னாடி பாத்தியைத் தயார் பண்ணணும்.

கல்குளம் பூந்தோட்டம்:
முதலில் ஒரு கிழங்கை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து பாருங்க. நடுத்தண்டிலிருந்து பழுப்புக் கோடுகள் சதைக்குள் பரவியிருந்தால் அது பியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல். உள்ளே வெள்ளையாக இருந்து, அடியில் தொட்டால் கொழகொழவென்று நாறினால் அது தண்ணீர் தேங்கி வந்த அழுகல். வடிகாலைச் சரி செய்தாலே பாதி தீரும். வேரில் மணிமணியாக முடிச்சு இருக்கான்னும் பாருங்க. நூற்புழு வேரைக் குத்தின வழியாகத்தான் பூஞ்சை எளிதில் உள்ளே போகும்.

சரல்மண் தோட்டம்:
பிளந்து பார்த்தேன் அண்ணாச்சி. பழுப்புக் கோடுதான். வேர் முடிச்சு இல்லை.

கல்குளம் பூந்தோட்டம்:
அப்போ பியூசேரியம். நோய் புகுந்த கிழங்கை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. கார்பென்டசிம் ஊற்றி நிக்காததற்குக் காரணம் அதுதான். அந்தச் செடிகளைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எரிச்சிடுங்க, உரக்குழியில் போடாதீங்க. அந்தப் பூஞ்சை மண்ணில் பல வருஷம் கிடக்கும்.

உங்க மண்ணிலும் போட்ட உரத்திலும் மூணு விஷயம் நோய்க்குச் சாதகம். புளிப்பு மண். அதில் யூரியா: அது அமோனியமாக மாறும்போது இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், மண்ணின் புளிப்பும் கூடும். மட்காத சாணம்: கிழங்கைத் தொட்டபடி கிடந்தால் சூடேறி அழுகலைக் கூப்பிடும். நுனிக்கருகல் தனிக்கதை. பச்சைக்கும் கருகலுக்கும் இடையில் கோடு போட்ட மாதிரி எல்லை தெரிந்தால் அது புளோரைடு. சூப்பர் பாஸ்பேட்டில் புளோரைடு உண்டு, கிளாடியோலஸுக்கு அது சுத்தமா ஆகாது, புளிப்பு மண்ணில் இன்னும் அதிகமா உறிஞ்சும். ராக் பாஸ்பேட்டிலும் அதே தொல்லை. மணிச்சத்துக்கு எலும்புத்தூள் போதும், சென்டுக்கு 2 கிலோ.

குமரி மண் கூடம்:
வரிசை முக்கியம், எல்லாத்தையும் ஒரே நாளில் கொட்டினால் ஒன்றை ஒன்று கெடுக்கும். முதலில் சூரிய வெப்பமூட்டல். பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் கடைசிக்குள் முடிச்சிடுங்க, ஏப்ரலில் கோடைமழை வந்து கெடுக்கும். கட்டி உடைத்து, நன்றாக நீர் பாய்ச்சி, ஈரம் இருக்கும்போதே ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிச்சு ஓரங்களை மண்ணால் மூடணும். கறுப்பு ஷீட் வேண்டாம், வெப்பம் ஷீட்டோடு நின்னுடும். 4 முதல் 6 வாரம். தென்னை நிழல் விழும் இடத்தில் இது பலிக்காது. அங்கே கிளாடியோலஸும் வளராது, அது வேற விஷயம். ஷீட்டை எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தாதீங்க. சுட்ட மேல்மண்ணில் அடியிலிருந்து பூஞ்சையைக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை அது.

பிறகு நீற்றிய சுண்ணாம்பு சென்டுக்கு 2 கிலோ, தூவி மேலாகக் கலந்து நீர் விடுங்க. சரல் மண்ணில் மெக்னீசியமும் குறையும், அதனால் பாதிக்கு டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) சேர்க்கலாம். பி.எச். இலக்கு 6 முதல் 6.5. ஏழைத் தாண்டினால் இரும்புச் சத்து கிடைக்காமல் இளம் இலை நரம்பிடையே வெளுக்கும்.

சரல்மண் தோட்டம்:
சுண்ணாம்போட சாணமும், நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையும் சேர்த்தே போடலாமா? வேலை மிச்சமாகும்.

குமரி மண் கூடம்:
கூடாது. சுண்ணாம்பு சாணத்தின் தழைச்சத்தை அமோனியாவாகப் பறக்கவிடும், டிரைக்கோடெர்மாவையும் அடக்கும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்க. அந்த நாட்களில் டிரைக்கோடெர்மா விரிடியைப் பெருக்கலாம்: நன்கு மட்கிய சாணம் 50 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, டிரைக்கோடெர்மா அரை கிலோ. கையில் பிடித்தால் உருண்டையாகணும், நீர் சொட்டக்கூடாது. நிழலில் ஈரச்சாக்கு மூடி 15 நாள், நடுவில் ஒருமுறை கிளறணும். இதை 3 சென்டுக்கும் பரப்புங்க. சென்டுக்கு 100 கிலோ மட்கிய சாணம் தனி.

தோவாளைப் பூ:
ஒரு எச்சரிக்கை. சென்டுக்கு 2 கிலோ சுண்ணாம்புங்கிறது விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் சரல் மண்ணுக்கு. கிழக்கே எங்க பக்கம் மழை குறைவு, மண்ணும் வேற. பரிசோதிக்காமல் இதைப் பார்த்துச் சுண்ணாம்பு போட்டுடாதீங்க.

இன்னொன்று, நடவு எப்போ? வெப்பமூட்டி முடிச்ச பாத்தியை ஜூன் மழையில் சும்மா விடாமல் கேந்தியோ சணப்போ போடுங்க. இரண்டும் நூற்புழுவைக் குறைக்கும். ஐப்பசி மழை ஓய்ந்து டிசம்பரில் கிழங்கு நட்டால் மார்ச்சில் பூ. வயல் இருக்கிறவங்க கன்னிப்பூ (முதல் போக) நெல் அறுத்த இடத்தை யோசிக்கலாம், நீர் நின்ற மண்ணில் இந்தப் பூஞ்சை குறையும். ஆனால் பாத்தி முக்கால் அடி உயரமாக இருக்கணும்.

சரல்மண் தோட்டம்:
கையில் இருக்கிற நல்ல கிழங்கை என்ன செய்ய? குட்டிக் கிழங்கும் நிறைய இருக்கு.

கல்குளம் பூந்தோட்டம்:
அந்தப் பாத்தியில் எடுத்த பெரிய கிழங்கை நம்பாதீங்க, புதுசு வாங்குங்க. வெளித்தோலை உரிச்சு, பழுப்புப் புள்ளி இல்லாததா, அடித்தட்டு கெட்டியா பார்த்து எடுங்க. குட்டிக் கிழங்கு கடினமாக, உறக்கத்தில் இருந்தால் மட்டும் 55 டிகிரி வெந்நீரில் 30 நிமிஷம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு நிழலில் உலர்த்தலாம். பூக்கும் அளவுக்கு வர இரண்டு போகம் ஆகும்.

கார்பென்டசிம், லிட்டருக்கு 2 கிராம், 30 நிமிஷம் நனைப்பு: இதை அறுவடை முடிந்து சேமிக்கிறதுக்கு முன் செய்யுங்க. நடும்போது அதில் முக்கினால் மண்ணில் போட்ட டிரைக்கோடெர்மாவை நீங்களே கொல்றீங்க. நடவுக்கு முன் சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நல்ல பாக்டீரியா) கரைசல், லிட்டருக்கு 10 கிராம், போதும். யூரியாவுக்குப் பதில் கால்சியம் நைட்ரேட், மூணு இலையிலும் ஆறு இலையிலும் இரண்டாகப் பிரிச்சு. கிழங்கு பெருக்க சாம்பல் சத்தை மறக்காதீங்க.

தோவாளைப் பூ:
பூ வெட்டும்போது நாலு இலையாவது விடணும், புதுக் கிழங்கு அதில்தான் பருக்கும். வெட்டி 6 முதல் 8 வாரம் கழித்து, இலை மஞ்சளாகும்போது தோண்டலாம், அதற்கு மேல் மழையில் நிலத்தில் விடாதீங்க.