இரவில் பச்சை, பகலில் நீலம்: இந்தக் கல்லை மோதிரத்தில் பதிக்கலாமா?

தோட்டத்துப்பொண்ணு: மலேசியாவின் சுங்கை சிப்புட் பாசார் மாலத்தில் (இரவுச் சந்தை) 90 வெள்ளிக்கு (ரிங்கிட்) பட்டை தீட்டிய கல் ஒன்று வாங்கினேன். இங்கிலாந்து ஃபுளோரைட் என்ற கனிமக்கல், அபூர்வ நிறம் என்றார் கடைக்காரர். கடை விளக்கில் நல்ல பச்சை. மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தால் நீலம்! அம்மாவுக்குத் தீபாவளி மோதிரமாகச் செய்ய ஆசை. எங்கள் பத்தர் (நகை செய்பவர்) கையில் வாங்கவே மறுக்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பத்தர்மகன்: கண்ணாடியாக இருக்கும். அசல் ஃபுளோரைட்டாகவே இருந்தாலும் அப்பா செய்ய மாட்டார். கீறலைத் தாங்குவதை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் கடினத்தில் அது 4தான், செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) 7. வீட்டுத் தூசியில் இருக்கும் மணலே ஃபுளோரைட்டைக் கீறிவிடும்.

கல்பித்தன்: பகலில் நிறம் மாறுவதுதான் அதன் பெருமை, அண்ணே. இங்கிலாந்தின் வீர்டேல் பள்ளத்தாக்கில் ரோஜர்லி என்ற சுரங்கம் இருக்கிறது. அங்கே கிடைக்கும் பச்சைக்கல், சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிர்கிறது. 1852இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி இந்த ஒளிர்வுக்கு ‘ஃபுளோரசன்ஸ்’ என்று பெயர் வைத்ததே ஃபுளோரைட்டை மனதில் வைத்துத்தான். ஆல்ப்ஸ் மலையில் ஷாமொனி பக்கம் கிடைக்கும் ரோஜா நிற எண்முகக் கற்களுக்குச் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். டெர்பிஷயரின் ‘புளூ ஜான்’, ஊதாவும் மஞ்சளும் கோடு கோடாக ஓடும். இவையெல்லாம் ரத்தினம் இல்லையா?

பத்தர்மகன்: அந்தப் புளூ ஜானையே பிசின் ஊற்றி இறுக்கித்தான் கடைகிறார்கள், தெரியுமா? பூஜாடி, கிண்ணம் செய்ய அது சரி. மோதிரம் என்பது தினமும் சட்டி பானையோடு மோதுவது. ஃபுளோரைட் நான்கு திசையில் பிளவுபடும். கல்லைப் பிடிக்கும் குத்துக்காலை அழுத்தும்போதே ‘டக்’ என்றால் நஷ்டம் யாருக்கு? அபூர்வ நிறம் கல்லைக் கெட்டியாக்காது.

கல்பித்தன்: கெட்டித்தன்மையை யார் கேட்டது? முத்தும் மென்மைதான், அதைக் கழுத்தில் போட்டுத் திருமணம் நடக்கவில்லையா?

பத்தர்மகன்: முத்து இப்படிப் பிளக்காது. தவிர, அவ்வளவு அபூர்வமான கல் 90 வெள்ளிக்கு ஏன் பாசார் மாலத்துக்கு வருகிறது?

தோட்டத்துப்பொண்ணு: பக்கத்துக் கடையில் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். நீலமாக எரிகிறது!

பத்தர்மகன்: சில கண்ணாடியும் ஒளிரும். கல் மோதிரத்தில் ஏறாமல் தனியாக இருப்பது நல்லது. எடுத்து வாருங்கள் அக்கா, தண்ணீரில் எடை போட்டுப் பார்க்கலாம்.

பத்தர்மகன்: (மறுநாள்) காற்றில் 1.59 கிராம், தண்ணீரில் அரை கிராம் குறைந்தது. ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 3.18 வருகிறது, ஃபுளோரைட்டுக்குச் சரியாக இருக்கிறது. கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் ஒளிவிலகல் கருவியில் 1.43. சாதாரணக் கண்ணாடி இவ்வளவு கீழே வராது. சரி, கல் விஷயத்தில் நான் தோற்றேன்.

கல்பித்தன்: அப்புறம் என்ன, மோதிரம்?

பத்தர்மகன்: மோதிரம் கிடையாது. ரோஜர்லி என்றும் எழுதித் தர மாட்டேன், ஊர்ப்பெயரை எடை சொல்லாது. சுற்றிக் கட்டிய பதக்கம் வேண்டுமானால் செய்கிறேன். கட்டின பிறகு நெருப்பு பட வேண்டாம், சூடு தாங்காமல் வெடிக்கும். நீராவிக் கழுவலும் கூடாது. பச்சை ஃபுளோரைட் சில, நாள்பட்ட வெயிலில் வெளுத்தும் போகும்.

கல்பித்தன்: வெயிலில் காட்டாமல் நீலத்தை எப்படிப் பார்ப்பது?!

தோட்டத்துப்பொண்ணு: பதக்கமே செய்யுங்கள். தீபாவளிக் காலையில் அம்மா வாசலுக்கு வந்து நிற்கட்டும், அஞ்சு நிமிஷம் வெயில் போதும்.