கோடியக்கரையில் மானும் குரங்கும்

குமார்: கோடியக்கரை வந்துவிட்டோம். புல்வெளியில் வெளிமான் கூட்டம். படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

விஜயா அத்தை: முறுக்குக் கொம்போடு கறுப்பாக நிற்பதுதானே ஆண்? என்ன கம்பீரம்! பாவம், இன்னும் எத்தனை நாளைக்கு இருக்குமோ. எங்கள் மொட்டைமாடியில் குரங்குதான் பெருகிக்கொண்டே போகிறது. காயவைத்த வடாம் அத்தனையும் போச்சு.

பெரியப்பா: விஜயா, கணக்கு நேர்மாறு. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் பட்டியலில் வெளிமானுக்கு இப்போதைக்குப் பெரிய ஆபத்து இல்லை. உன் வடாம் திருடனைத்தான் அழியும் வாய்ப்புள்ள இனத்தில் வைத்திருக்கிறார்கள்.

விஜயா அத்தை: அண்ணா, விளையாடாதீர்கள் 😄

பெரியப்பா: நிஜமாகத்தான். நாட்டுக்குரங்கு தீபகற்ப இந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. வடக்கிலிருந்து செம்முகக் குரங்கு இறங்கி இதன் இடத்தைப் பிடிக்கிறது. சாலையை அகலமாக்க ஆலமரத்தை வெட்டினால் இதற்கு வீடும் இல்லை, சோறும் இல்லை. அப்புறம் நம் மாடிக்கு வராமல் எங்கே போகும்?

பிரியா: அப்படியென்றால் மானுக்குக் கவலையே இல்லையா?

பெரியப்பா: தமிழ்நாட்டில் உண்டு. கிண்டி, மோயாறு, கோடியக்கரை என்று சில இடங்களில்தான் இருக்கிறது. கோடியக்கரையை 1967-இல் சரணாலயமாக்கியதே இதற்காகத்தான். தூரத்திலேயே எதிரியைப் பார்த்து ஓடிப் பிழைக்கிற விலங்கு. சீமைக்கருவேலம் வெளியை அடைத்துவிட்டால் எங்கே ஓடும்?

குமார்: குட்டி ஒன்றும் கண்ணில் படவில்லையே?

பெரியப்பா: பிறந்த குட்டி புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். தாய் தள்ளி நின்று மேயும். குரங்குக் குட்டியோ தாய் வயிற்றை விடாது. இத்தனைக்கும் 4 கிலோ குரங்கும் 30 கிலோ மானும் கருவைச் சுமப்பது ஏறக்குறைய ஆறு மாதம்தான்!

பிரியா: கொம்பு விழுந்து முளைக்குமா?

பெரியப்பா: விழாது. அது புள்ளிமானுக்கு. இது ஆடு, மாடு குடும்பம்.

குமார்: காருக்குப் பக்கத்தில் ஒரு குரங்கு, கன்னம் உப்பிப்போய் உட்கார்ந்திருக்கிறது.

பெரியப்பா: கன்னப்பையில் தீனியை அடக்கியிருக்கும். பிள்ளைகள் பிஸ்கட் போடாமல் பார்த்துக்கொள். மான் ஆளைக் கண்டால் விலகும். இது ஒருமுறை ருசி கண்டால் ஆளைத் தேடி வரும், பையைப் பிடுங்கும், நாம் அடிப்போம்.

குமார்: சரி பெரியப்பா. அங்கே குதிரை வேறு மேய்கிறது, யாருடையது?

பெரியப்பா: யாருடையதும் இல்லை. எப்போதோ விட்டுப்போனவற்றின் வாரிசுகள். மானுக்குப் புல்லில் பங்காளி.