ஒரே ஆழம், ஒரே மணற்கல்: ஒன்றில் மட்டும் துளை அடைபட்டது ஏன்?

கேள்வி:
நார்வே கடல், ஹால்டன் டெரஸ் பகுதி, ஜுராசிக் காலத்து டில்யே மணற்கல். 4 கி.மீ.க்கும் கீழே, சில மீட்டர் இடைவெளியில் துளையிட்டு எடுத்த இரண்டு கோர் (பாறை உருளை) துண்டுகள். மணியளவும் கனிம விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்றில் துளைமை (பாறையில் துளைகளின் பங்கு) 20 சதவீதத்துக்கு மேல், மற்றதில் 10 கூட இல்லை. அடைத்தது குவார்ட்ஸ் சிமென்ட்தான் (மணிகளுக்கிடையே பின்னர் படிந்த குவார்ட்ஸ்) என்று, நுண்ணோக்கிக்காக மெல்லியதாகச் சீவிய பாறையான தின் செக்‌ஷனில் எப்படி உறுதி செய்வது? நல்ல துண்டு எப்படித் தப்பியது?

பதில் 1:
முதலில் உறுதி செய்யும் வழி. குவார்ட்ஸ் சிமென்ட் மணியின் படிக அமைப்பையே தொடர்ந்து வளரும். அதனால் கிராஸ்டு போலரில் (குறுக்காக வைத்த இரு ஒளிமுனைவாக்கிகளுக்கு இடையே பார்க்கும்போது) மணியும் சிமென்ட்டும் ஒன்றாகவே இருளும், எல்லை தெரியாது. சாதாரண ஒளிக்கு மாற்றி, மணியைச் சுற்றிக் களிமண் துகள்களோ திரவக் குமிழ்களோ மெல்லிய தூசிக்கோடாக நிற்கிறதா என்று பாருங்கள். கோட்டுக்கு வெளியே இருப்பது சிமென்ட். மணியின் மேற்பரப்பு சுத்தமாக இருந்தால் அந்தக் கோடும் இருக்காது. அப்போது எஸ்.இ.எம்.மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கியில்) கேதோடோலுமினசன்ஸ், அதாவது எலக்ட்ரான் பட்டு கனிமம் ஒளிரும் படம் எடுத்தே ஆக வேண்டும்: பெரும்பாலும் மணி பளிச்சென்றும் சிமென்ட் மங்கலாகவும் தெரியும். இதைச் செய்யாவிட்டால் சிமென்ட் எல்லைகளை அழுத்தக் கரைவு (மணிகள் அழுந்தித் தொடும் இடத்தில் கரைவது) என்று தவறாக எழுதிவிடுவோம்.

பதில் 2:
தப்பியதற்குக் காரணம் பெரும்பாலும் குளோரைட் (பச்சை நிற, இரும்புள்ள களிமண் கனிமம்) பூச்சு. மைக்கா, களிமண் ஒட்டிய இடங்களிலும் ஸ்டைலோலைட்களிலும் (அழுத்தத்தில் கரைந்து உண்டான பல்வரிசை போன்ற கோடுகள்) குவார்ட்ஸ் கரைந்து சிலிக்கா கிடைக்கிறது. சிலிக்காவுக்குப் பஞ்சமில்லை, 70–80 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் அது படிய வெறும் குவார்ட்ஸ் பரப்பு வேண்டும், அவ்வளவுதான். பரப்பைக் குளோரைட் மூடிவிட்டால் படிக வளர்ச்சி தொடங்கவே முடியாது. ஆறு கொண்டுவந்த இரும்பு கழிமுகத்தில் பெர்த்தியரின் போன்ற களிமண்ணாகப் படிந்து, புதைந்து சூடேறியபின் குளோரைட்டாகிறது. ஆகவே சில மீட்டருக்குள் படிவுச் சூழல் மாறினாலே பூச்சும் மாறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நல்ல துண்டில் பச்சை விளிம்பு தெரிகிறது, ஆனால் மிக மெலிது. அது போதுமா?

பதில் 2:
போதும். தடிமனை அளந்து நேரத்தை வீணாக்காதீர்கள், எத்தனை சதவீதப் பரப்பு மூடியிருக்கிறது என்பதைப் பாருங்கள். சிறு இடைவெளி இருந்தாலும் குவார்ட்ஸ் அதன் வழியே வெளிவந்து பூச்சின் மேலேயே பரவும். மணிகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பூச்சு இல்லையென்றால், மணல் இறுகியபின்தான் பூச்சு வளர்ந்தது.

பதில் 3:
பூச்சுள்ள அடுக்கில் இரண்டு எச்சரிக்கை. குளோரைட்டின் நுண்துளைகளில் நீர் தங்கும். அதனால் ரெசிஸ்டிவிட்டி லாக் (கிணற்றில் எடுக்கும் மின்தடைப் பதிவு) குறைவாகக் காட்டும், எண்ணெய் இருக்கும் அடுக்கையே நீரடுக்கு என்று ஒதுக்கிவிடும் அபாயம் உண்டு. கிணற்றில் ஓட்டத்தைக் கூட்ட ஆசிட் விட்டால் குளோரைட்டிலிருந்து இரும்பு வெளியேறும். அமிலம் செலவழிந்ததும் அது ஜெல்லாகப் படிந்து துளையை அடைக்கும். சிட்ரிக் அமிலம் போன்ற இரும்பைப் படியவிடாத பொருளைச் சேர்க்காமல் இறங்க வேண்டாம். கால்சைட் சிமென்ட்டும் இருக்கிறதா என்று அலிசரின் ரெட் சாயமிட்டுப் பாருங்கள், கால்சைட் சிவக்கும். இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் முதலில் அதைக் கரைத்து வெளியேற்றாமல் ஹைட்ரோஃபுளோரிக் கலவையை விடக்கூடாது. கால்சியம் ஃபுளோரைடு படிந்துவிடும்.