கட்டைவிரல் போட்டால் ஒப்புதலா?

வாவிக்கரையான்: நேற்று ஒருவர், "புல் ரிக்குவெஸ்ட்டில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) கட்டைவிரல் படம் போட்டாலே ஒப்புதல்தான், தனியாக அப்ரூவ் அமத்தத் தேவையில்லை" என்று எழுதியிருந்தார். வாசித்ததும் பத்திக்கொண்டு வந்தது. பலர் சேர்ந்து கோட் எழுதும் தளமான கிட்ஹப்பில், ரிவியூ (இன்னொருவர் பார்த்து அப்ரூவ் பண்ணுவது) கட்டாயம் என்று கிளையை, அதாவது மாற்றம் போய்ச் சேரும் கோட் பிரதியை, பூட்டிவிட்டால், நூறு கட்டைவிரல் விழுந்தாலும் மாற்றம் அதில் மெர்ஜ் ஆகாது, சேராது.

கல்முனை_தம்பி: எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாமே அண்ணன். பூட்டைப் பற்றி நான் கதைக்கவில்லை. எங்கள் குழுவில் நான்கு பேர். கட்டைவிரல் என்றால் ஓம். அவ்வளவுதான்.

வாவிக்கரையான்: எதற்கு ஓம்? வாசித்தேன் என்பதற்கா, கோட் சரி என்பதற்கா? போன மாதம் ஒரு பில் போடும் மென்பொருளில், "பொருட்களை ஒவ்வொன்றாக எடுக்கும் இந்த லூப் கடைசிப் பொருளை விட்டுவிடுகிறது" என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல். திருத்திவிட்டார்கள் என்று நம்பினேன். காலையில் பார்த்தால் பட்டியலின் நீளத்தில் ஒன்று கழித்த அந்த வரி அப்படியே நிற்கிறது. கடைக்காரர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லடியிலிருந்து எனக்குத்தான் கோல் எடுத்தார்.

அக்கரைப்பற்றாள்: ரியாக்‌ஷன் (பதிவின் கீழ் ஒட்டும் கட்டைவிரல் போன்ற படம்) ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். 2016 தொடக்கத்தில் திறந்தமூலத் திட்டங்களை (கோட்டை எல்லாருக்கும் திறந்துவைத்த மென்பொருள்களை) பராமரிப்பவர்கள் கிட்ஹப்புக்குக் கடிதம் எழுதினார்கள். வெறும் "+1" பதில்கள் குவிந்து தொல்லை என்பதும் அதில் ஒரு குறை. அந்த மார்ச்சிலேயே ஆறு ரியாக்‌ஷன்கள் வந்தன. சத்தமில்லாமல் ஆமோதிக்கத்தான்.

கல்முனை_தம்பி: ஆமோதிக்க! அக்காவே சொல்லிவிட்டார்.

வாவிக்கரையான்: ஆமோதிப்பது வேறு, அப்ரூவ் வேறு. ரியாக்‌ஷனுக்கு அறிவித்தல்கூட வராது. நீங்கள் போட்ட விரலை நான் பக்கம் பக்கமாகத் திறந்து தேட வேண்டுமா? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். எதற்கு ஓம்?

அக்கரைப்பற்றாள்: அதைவிடக் கண் படம் மோசம். எங்கள் மூத்தவர் கண்ணைப் போட்டுவிட்டு இரண்டு நாள் ஆளே இல்லை. பார்க்கிறாரா, முறைக்கிறாரா என்றே விளங்காது.

கல்முனை_தம்பி: அண்ணனுக்கு விதிமுறையில் இவ்வளவு பிடிப்பு என்றால், நாம் சேர்ந்து செய்த தளத்தில் பங்களித்தோர் பட்டியலில் என் பெயர் எங்கே? மூன்று மாதம் உழைத்தேன்.

வாவிக்கரையான்: அந்தப் பட்டியலை நான் எழுதவில்லை. எத்தனை தடவை சொல்வது?

கல்முனை_தம்பி: எழுதவில்லை, சரி. அந்த மாற்றத்தை அப்ரூவ் பண்ணியது நீங்கள்தானே? விரல்கூட இல்லை, முறையான அப்ரூவ்.

வாவிக்கரையான்: பேச்சை மாற்றாதீர்கள். கட்டைவிரல் எதற்கு ஓம்?