காம்புட் மண், தீமிதி, மின்மினி: எந்த டிரைபாட்?

செம்பனைக்காடு:
வணக்கம். ஊர் சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா. விடிகாலைத் தோட்டப் பனி, கோயில் தீமிதி, கோலா சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை மின்மினி, இந்த மூன்றுக்கும் டிரைபாட் தேடுகிறேன். கேமராவும் 70-200 லென்சும் சேர்ந்து 2.2 கிலோ. மோட்டார் சைக்கிளில்தான் கொண்டுபோக வேண்டும். இப்போதுள்ளதில் திருகை இறுக்கிக் கையை எடுத்தால் படம் கொஞ்சம் கீழே இறங்குகிறது. தோட்டத்தில் 20 விநாடிப் படங்கள் கலங்கலாக வருகின்றன. அலுமினியமா, கார்பனா?

கால்மூன்று:
படம் இறங்குவதற்குக் காரணம் கால்கள் இல்லை, கேமராவைப் பிடிக்கும் மேல்பகுதியான தலை. முதலில் லென்சின் காலர் வளையத்தை டிரைபாட்டில் மாட்டுங்கள். கேமராவின் அடியில் மாட்டினால் எடை முழுக்க முன்னால் போய் எந்தத் தலையும் தலைகவிழும். பால்ஹெட் (உருண்டை மூட்டில் திரும்பும் தலை) வாங்கும்போது உங்கள் எடையைப்போல் மூன்று மடங்காவது தாங்குவதாக இருக்கட்டும். பெட்டியில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் தாராளமானது. தலையில் செருக, கேமராவிலோ காலரிலோ மாட்டும் பிளேட் பரவலான ஆர்க்கா-சுவிஸ் வகையாக இருந்தால் பின்னால் தலையை மாற்றினாலும் அதே பிளேட் ஓடும்.

கலங்கலுக்குக் காரணம் அநேகமாக மண். உங்கள் பக்கம் காம்புட் நிலம், அதாவது மக்கிய செடிகொடிகளால் ஆன மெத்தென்ற மண், நிறைய. பக்கத்தில் நீங்கள் கால் மாற்றி நின்றாலே டிரைபாட் ஆடும். ஒவ்வொரு காலையும் இனி இறங்காது என்னும்வரை அழுத்துங்கள். அப்படியும் புதைந்தால் 15 செ.மீ. சதுரப் பலகைத் துண்டு ஒன்றை ஒவ்வொரு காலின் கீழும் வையுங்கள். டைமர் 2 விநாடி போதாது. 10 விநாடி வைத்து, தள்ளிப் போய் அசையாமல் நில்லுங்கள். லென்சின் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். தடித்த கால்பகுதியை முதலில் நீட்டுங்கள். நடுத்தண்டைக் கடைசிவரை தூக்காதீர்கள். சரிவில் இரண்டு கால் கீழ்ப்பக்கம். கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் அது லேசாகத் தரையைத் தொடட்டும். காற்றில் ஊஞ்சலாடும் பை டிரைபாட்டையும் சேர்த்து ஆட்டும்.

கார்பன் இலகு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். ஆனால் கார்பன் கால், நல்ல தலை இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் அலுமினியக் கால், நல்ல தலை.

இரவுவிளக்கு:
தீமிதிக்கு டிரைபாட் வேண்டவே வேண்டாம். கூட்டத்தில் விரிந்த கால் யாரையாவது தடுக்கிவிடும், அதுவும் நெருப்புக்குப் பக்கத்தில். மோனோபாட் எடுங்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், நடப்பவரின் அசைவை அல்ல. அதனால் 1/250க்குக் கீழே போகாமல் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். தணலுக்கு மேலே வெப்பக்காற்று அலைவதால், குழிக்கு குறுக்கே தாழ்வாக எடுத்தால் ஃபோகஸ் சரியாக இருந்தும் முகம் கரையும். தீக்குழியின் முடிவில் இருக்கும் பால் குழிப் பக்கம் நின்று, இறங்கி வருபவரை எடுங்கள்.

மின்மினிக்குப் படகில் டிரைபாட்டால் பயனில்லை; படகே ஆடுகிறதே. கரையில் வைத்து, விரிகோண லென்ஸ், எஃப்/2.8, 15 முதல் 30 விநாடி. ஃபோகஸை மேனுவலில் தூர விளக்கு ஒன்றில் பிடித்து அப்படியே விடுங்கள். ஃபிளாஷும் ஃபோகஸுக்கு எரியும் சிவப்பு விளக்கும் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அந்த வெளிச்சம், ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் தங்கும் மின்மினிகளைத் தொந்தரவு செய்யும்.

செம்பனைக்காடு:
நன்றி அண்ணே. கால்களுக்கு முறுக்கும் பூட்டா, கிளிப் பூட்டா? சேறு புகுந்தால்?

கால்மூன்று:
சேற்றுக்குக் கிளிப் நல்லது. துடைத்தால் போதும், தளர்ந்தால் ஆலன் சாவியால் இறுக்கலாம். முறுக்கும் வகை என்றால் காலை நீட்டிய நிலையில் நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் அரைவளையங்கள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று படம் எடுத்து வையுங்கள். மாற்றிப் போட்டால் பூட்டு பிடிக்காது. நன்றாகக் காயவைத்து, மரையில் மட்டும் மெல்லிய கிரீஸ். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும்.